வரிசை எண் ஒன்று

மார்ச் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. "அபி ஆத்தா அம்மா", இதோ வருகிறேன் என்று பிளம்பர் சொல்லி மூன்று நாள். வேண்டுமென்றே இழுக்கிறான்.

9.40. வழக்கம்போல் ரோடைத் தாண்டிப் போய், பாப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கூடப் பிறந்தவள், ஐம்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சரோஜா மேடமாக இருந்து ரிடையர் ஆனவள். எனக்கு இன்னும் பாப்பாதான். எதிர்ச்சாரி அபார்ட்மெண்டில் தனியாக இருக்கிறாள். என் பால்கனியிலிருந்து பார்த்தால் அவள் வீட்டில் துணி உலர்வது தெரியும். சிக்னல் இருந்தவரை அவளே நடந்து வந்துகொண்டிருந்தாள். நாலு மாதம் முன்பு சிக்னலை எடுத்துவிட்டு, நடுவில் தடுப்புக் கல் போட்டு, அரைக் கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன் வைத்தார்கள். வண்டிகளுக்குச் சௌகரியம். நடக்கிறவர்கள் எங்கே போய் யூ-டர்ன் அடிப்பது? பாப்பாவுக்குக் கண்ணில் பிரஷர், பக்கவாட்டில் வருவது தெரியாது. போன மாதம் பைக்கில் வந்த ஒருவன் அவள் முழங்கையைத் தட்டிவிட்டு நிற்காமலே போனான்.

அவள் பிள்ளை முரளி பெங்களூரிலிருந்து போன் செய்தபோது சொன்னது: "பெரியம்மா, மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அங்க சிக்னல் வர்ற வழி தெரியலைன்னா அம்மாவ இங்க அழைச்சிட்டு வந்துடுவேன்."

ஆக, சிக்னல் வரணும். வராவிட்டால் பாப்பா போய்விடுவாள். அவளை விட்டால் இந்தச் செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

போலீசுக்கு எழுதியாயிற்று, கார்ப்பரேஷனுக்கு எழுதியாயிற்று. பதில் இல்லை. இப்போது சட்டமன்றத்துக்கே மனு. எம்.எல்.ஏ. வழியாகச் சபையில் வைத்தால், மனுக்களைப் பார்க்க என்றே ஒரு குழு உண்டாம், அது சம்பந்தப்பட்ட டிபார்ட்மெண்டைக் கூப்பிட்டு விளக்கம் கேட்குமாம். சொன்னவர் காலனி சங்கச் செயலாளர் நர்சிங் ராவ். யூ-டர்ன் பக்கத்துப் பெட்ரோல் பங்க் அவர் மச்சானுடையது. பின் ஏன் இவ்வளவு ஆர்வம்? கவனிக்கணும்.

213 பேர். வரிசை எண், முழுப் பெயர், முகவரி எல்லாம் என் கையெழுத்தில். கையெழுத்துப் போட மட்டும் கட்டம். எண் 1 பாப்பா, எண் 2 நான். அவள் ஒருத்திதான் பாக்கி, "கண்ணாடி வீட்ல இருக்கு அக்கா, அப்புறம்" என்றாள். வீட்டு ஆள்தானே, கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று, அதற்குள் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். கடைக்காரன் பெயர்களை உற்று உற்றுப் பார்த்தான். முடியும்வரை மிஷின் பக்கத்திலேயே நின்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

எம்.எல்.ஏ. ஆபீஸ். எம்.எல்.ஏ. இல்லை. எப்போதும் இல்லை. அவர் பி.ஏ. யாதகிரி இருந்தான். நாற்பது வயது இருக்கும். இந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவன், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. இவ்வளவு நன்றாக ஏன் பேசுகிறான் என்றே எனக்குச் சந்தேகம்.

ஜெராக்ஸ் செட்டைக் கொடுத்தேன். புரட்டினான்.

"அம்மா, ஜெராக்ஸ் நடக்காது. ஒரிஜினல் வேணும். எம்.எல்.ஏ. சார் அதுலதான் சைன் பண்ணணும்."

"ஒரிஜினல் என்கிட்டதான் இருக்கும்."

"கைக்கு அம்மா, எதுக்கு? சபைக்குப் போற மனு ஒரிஜினலா போணும் இல்ல?"

முப்பத்தொரு வருஷம் பரீட்சைப் பிரிவில் இருந்தேன். கேள்வித்தாள் கட்டு, விடைத்தாள் கட்டு, அரக்கு, முத்திரை. ஒரிஜினல் கையை விட்டுப் போனால் போனதுதான். எத்தனை மார்க் ஷீட் எத்தனை மேஜையில் காணாமல் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரிஜினலை இவனிடம் கொடுத்துவிட்டு, பிறகு "எந்த மனு அம்மா?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்?

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நினைவாகக் குக்கர் காஸ்கெட் வாங்கினேன். சைஸ் தப்பு.

மார்ச் 11, புதன்

காலையில் தாள்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 57 முதல் 63 வரை ஒரே கை! ஏழு கையெழுத்திலும் கடைசியில் ஒரே மாதிரிச் சுழி. இந்தப் பக்கங்களை வாங்கிவந்தது நர்சிங் ராவ். போலிக் கையெழுத்து என்று பிறகு யாராவது கண்டுபிடித்தால் மனுவே தள்ளுபடி. அதற்காகவே செய்தாரோ?

நேரே அந்த வீட்டுக்குப் போனேன். கூட்டுக் குடும்பம், ஏழு பேருக்கும் மருமகளே போட்டிருக்கிறாள். "எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க ஆன்ட்டி, நர்சிங் ராவ் அங்கிள் வேணாம்னுதான் சொன்னார், நான்தான்..." சாயங்காலம் ஏழு பேரும் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து, பழையதை அடித்து, ஒவ்வொருவரிடமும் புதிதாக வாங்கினேன். மாமனார் முறைத்தார். முறைக்கட்டும்.

திரும்பும்போது முனையில் ஹலீம் கடைக் கூட்டம், ரம்ஜான் மாதம். பாதி ரோடு அடைத்துக்கொண்டது. அங்கே மட்டும் வண்டிகள் மெதுவாகப் போகின்றன. வருஷம் முழுக்க ஹலீம் விற்றால் சிக்னலே வேண்டாம்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை. 212 கையெழுத்தையும் வீடு வீடாகச் சரிபார்த்து முடித்தேன். முழங்கால் வீக்கம். தைலம்.

காலையில் முதல் தாளைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பழுப்பு உறையில் மடித்துக் கொடுத்தாள். "போட்டாச்சா?" என்றேன். "உள்ள இருக்கு" என்றாள். மற்றத் தாள்களையும் அதே உறையில் சேர்த்து, அரக்கு உருக்கி, நாலு மூலையிலும் சீல் வைத்தேன். பழைய பித்தளை முத்திரை இன்னும் நன்றாகப் பதிகிறது. பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

பாப்பா சீல் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அக்கா இவ்ளோ கஷ்டப்படறே?"

"உனக்காகத்தான்."

வத்தக்குழம்பு நன்றாக இருக்கிறது என்றாள். உப்பு அதிகம், எனக்கே தெரியும்.

மார்ச் 14, சனி

யாதகிரி வீட்டுக்கே வந்துவிட்டான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மரியாதையாக.

"அம்மா, செஷன் எப்ப முடியும்னு சொல்ல முடியாது. பேப்பர்ல போட்ட தேதிக்கு முன்னாடியே ஒத்திவெச்சுட்டுப் போயிடுவாங்க. ஒரிஜினல் குடுங்க, திங்கக்கிழமையே செக் பண்ண வெச்சிடறேன்."

"ரசீது குடுப்பியா?"

"நான் யாரும்மா ரசீது குடுக்க? அங்க அசெம்பிளி செக்ரடேரியட்ல குடுப்பாங்க."

"அப்ப அங்கேயே நான் நேர்ல குடுக்கறேன்."

தலையைச் சொறிந்தான். அப்புறம் ஒரு பாஸ் நீட்டினான். திங்கட்கிழமை பார்வையாளர் மாடத்துக்கு. நம்ம ரோடு விஷயமாக எம்.எல்.ஏ. ஒரு கேள்வி கொடுத்திருக்கிறாராம், பட்டியலில் ஒன்பதாவது, மந்திரி எழுந்து பதில் சொல்லணுமாம். கேள்விக்குப் பல நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்கணுமாம். போன மாதமே எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். நர்சிங் ராவ்.

ஹும். பாஸ் கொடுத்து என்னைக் குளிர்விக்கப் பார்க்கிறார்கள். ஆனாலும் போவேன்.

மார்ச் 16, திங்கள்

மெட்ரோ. அமீர்பேட்டில் மாறும்போது கோச்சிங் பிள்ளைகள் கூட்டத்தில் நசுங்கினேன். பாப்பாவையும் கூப்பிட்டேன், "நக்கோ அக்கா, நீயே போ" என்றாள்.

வாசலில் மூன்று சோதனை. போன், பை, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. பேனா எதற்கு வெளியே? நாங்கள் எழுதிவிடுவோம் என்றா? இதெல்லாம் வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுகிறேன்.

மேலே மாடத்தில் பெஞ்சு. கால் மேல் கால் போடக்கூடாது, கை தட்டக்கூடாது, தூங்கவும் கூடாது. பக்கத்தில் தூங்கிய பெரியவரைக் காவலர் விரலால் தொட்டு எழுப்பினார். பரீட்சை ஹால் போலவே இருந்தது, எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

கீழே கேள்வி நேரம். சபாநாயகர் எண்ணைச் சொல்கிறார், கேட்டவர் எழுகிறார், மந்திரி படிக்கிறார், பிறகு துணைக் கேள்விகள். முதல் கேள்வி ஏரி. இரண்டாவது ஆஸ்டல் சாப்பாடு. ஒரு பெண் எம்.எல்.ஏ. எந்த ஆஸ்டலில் எந்தத் தேதியில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று காகிதம் பார்க்காமல் சொன்னார். மந்திரி தடுமாறினார். எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் கூச்சல். ஒருவர் இன்னொருவரைப் பழைய ஆட்சி என்றார், அவர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தார்கள். மணி. மறுபடி மணி. ஆறாவது கேள்வியோடு நேரம் முடிந்தது. எங்களுடையது ஒன்பது. வேண்டுமென்றே கத்தி நேரத்தை ஓட்டினார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

நம்ம எம்.எல்.ஏ. ஒன்பதாம் எண்ணுக்காகக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

யாதகிரி போன். வாய்மொழியாக வராத கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வைப்பார்களாம். வாட்ஸாப்பில் அனுப்பினான்.

சிக்னல் அகற்றப்பட்டது உண்மையா? ஆம்.
நடப்பவர்களுக்கு மாற்று ஏற்பாடு உண்டா? பரிசீலனையில் உள்ளது.

பரிசீலனை! முப்பத்தொரு வருஷம் நானே இந்த வார்த்தையை எழுதி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"அப்படி இல்ல அம்மா" என்கிறான் யாதகிரி. "சபைல வெச்ச பதில் பதிவாயிடும். நாளைக்கு உங்க மனு கமிட்டிக்குப் போச்சுன்னா, பரிசீலனைன்னு சொன்னீங்களே என்ன பரிசீலிச்சீங்கன்னு ஆபீசரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. ஹவ், ஆமா, லேட் ஆகும். ஆனா கேப்பாங்க. ஒரிஜினல்தான் அம்மா..."

நர்சிங் ராவைப் படிக்கட்டில் பார்த்தேன். பெட்ரோல் பங்க் பற்றி நேராகவே கேட்டுவிட்டேன். மச்சான் அதை விற்று எட்டு வருஷமாம். சிரித்தார். எனக்கு முகம் சுட்டது.

நாளை நானே உறையோடு போகிறேன்.

பாப்பா வீட்டில் வெங்கலப் பானையைக் காணோம். கேட்டால் வேலைக்காரிக்குக் கொடுத்தாளாம். மர அலமாரியும் காலி. வேலைக்காரி ஏமாற்றி வாங்கியிருப்பாள். நாளை அவளிடம் கேட்கணும்.

மார்ச் 18, புதன்

எழுத மனமில்லை. ஆனாலும்.

செக்ரடேரியட்டில் மனுப் பிரிவு. செக்ஷன் ஆபீசர் ஒரு பெண், முப்பத்தைந்து வயது, சுத்தமான மேஜை. யாதகிரி கூட வந்தான். உறையை வைத்தேன். நாலு சீலையும் பார்த்துவிட்டு, "இதை நீங்களே உடையுங்க மேடம், நான் தொடமாட்டேன்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்தது.

உடைத்தேன். முதல் தாளை எடுத்தாள். வேண்டுகோள் பாராவைப் படித்தாள். விரலை வரிசையில் வைத்தாள்.

"நம்பர் ஒன்றில் கையெழுத்து இல்லையே."

ஜெராக்ஸைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரிஜினல்தான். பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, என் கையெழுத்தில். கட்டம் காலி. 212 பேர் வீட்டு வாசலில் நின்று சரிபார்த்தேன். ஒன்றை மட்டும் பார்க்காமல் அரக்கு வைத்தேன்.

"கையெழுத்து வாங்கிட்டு வாங்க, இல்லன்னா அந்த வரியை அடிச்சுக் குடுங்க. நாளைக்கு உகாதி லீவு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள."

மெட்ரோவில் முதலில் தோன்றியது: யாரோ உறையை மாற்றிவிட்டார்கள். சீல் என்னுடையது, பீரோ என்னுடையது, சாவி என் இடுப்பில். வேறு யாரைச் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை.

நேரே அவள் வீடு.

"கையெழுத்துப் போட மறந்துட்டியா?"

"மறக்கல."

"போட்டாச்சான்னு கேட்டேனே."

"உள்ள இருக்குன்னுதான் சொன்னேன். தாள் உள்ளதான் இருந்துது." கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ பிரிச்சுப் பாப்பேன்னு நெனச்சேன் அக்கா. எல்லாத்தையும் பாக்கறவளாச்சே."

எதற்கு என்றேன். கத்தினேன் போலிருக்கிறது, எதிர் ஃபிளாட் கதவு திறந்து மூடியது.

"சிக்னல் வந்துட்டா, என்ன சொல்லிட்டு நான் கெளம்பறது?"

முரளி வீட்டுப் பக்கத்தில் ஒரு சென்டர் இருக்கிறதாம். கண் முழுதும் போவதற்கு முன்பே, குச்சி வைத்து நடக்கக் கற்றுத்தருகிறார்களாம். சத்தத்தை வைத்து வண்டி எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்வது, தனியாக ரோடு தாண்டுவது. ஏப்ரலில் அடுத்த வகுப்பு. ஜனவரியிலேயே பெயர் கொடுத்தாயிற்று. முரளிக்குத் தெரியும். மாசக் கடைசி என்று அவன் சொன்னதெல்லாம் என்னை மெதுவாகத் தயார் செய்ய.

"இங்க நான் கூட்டிட்டுப் போறேனே, தினம்?"

"அதான் அக்கா. நீ கையப் புடிச்சா எனக்கு ரோடே தெரியறதில்ல. உன் கைதான் தெரியுது. நாளைக்கு நீ இல்லன்னா?"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அந்த சென்டர் மோசடின்னு நீ நிரூபிச்சிருப்பே."

நிரூபித்திருப்பேன்.

மார்ச் 19, வியாழன், உகாதி

நர்சிங் ராவ் வீட்டிலிருந்து உகாதிப் பச்சடி வந்தது. வேப்பம்பூ மட்டும் நாக்கில் தெரிந்தது. குழாய் இன்னும் சொட்டுகிறது.

9.40-க்குப் போகவில்லை. பத்தேகாலுக்குப் பால்கனியில் நின்று பார்த்தேன். பாப்பா எதிர்ச்சாரியில் நடைபாதை ஓரமாக வந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் திரும்பிப் போய்விட்டாள். எனக்குக் கோபம், அழுகை, இரண்டும். கீழே இறங்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

காலையில் போனேன். மனுவைக் கிழித்துவிடலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"எதுக்கு? மத்தவங்களுக்கு ரோடு வேணாமா? அந்த ஏழு கையெழுத்து வீட்டு மாமனார் கூட தடுப்புக் கல்லத் தாண்டித்தான் மசூதிக்குப் போறாரு. என் பேரை மட்டும் எடுத்துடு."

11.15, மனுப் பிரிவு. வரிசை எண் ஒன்றைச் சிவப்பு மையில் அடித்தேன். பரீட்சைப் பிரிவு வழக்கப்படி ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, தேதி போட்டேன். எம்.எல்.ஏ. வந்து மேலொப்பம் போட்டார். "இனிமே நீங்கதான் மேடம் முதல் மனுதாரர்" என்றாள் ஆபீசர். கமிட்டி சாட்சி கேட்டால் என்னைத்தான் கூப்பிடும், கடிதமெல்லாம் என் பெயருக்கு வரும்.

வெளியே வந்து பாதி வழியில்தான் நினைவு வந்தது, ரசீது கேட்கவில்லை. யாதகிரி பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தான்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று சபையில் மனு வைத்தாயிற்று. எம்.எல்.ஏ. எழுந்து ஒரே வாக்கியம், யாதகிரி போனில் வீடியோ காட்டினான், ஒரு நிமிஷம்கூட இல்லை. சாயங்காலமே சபை ஒத்திவைப்பு. அவன் சொன்னபடியே தேதிக்கு முன்பாக.

பிளம்பர் வந்தான். வாஷர் மாற்றினான். வேலை ஐந்து நிமிஷம்.

மார்ச் 29, ஞாயிறு

செகந்திராபாத் ஸ்டேஷன். முரளி இரண்டு பெட்டி, பாப்பா ஒரு பை. பிளாட்பாரத்தில் அவள் என் கையைப் பிடிக்கவில்லை, நானும் நீட்டவில்லை. ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் வேறு பக்கம் பார்த்துக் கையசைத்தாள். நான் இந்தப் பக்கம் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

சென்டர் பெயரை முரளியிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். விசாரிப்பேன்.

மார்ச் 30, திங்கள்

9.40. செருப்பு மாட்டிப் பாதி ரோடு தாண்டிவிட்டேன். நடுத் தடுப்பில் ஏறி நிற்கும்போதுதான் எங்கே போகிறேன் என்று உறைத்தது. இரண்டு பக்கமும் வண்டி.

போன். பாப்பா.

"என்ன அக்கா, வண்டிச் சத்தமா கேக்குது, எங்க இருக்கே?"

வீட்டில்தான் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.